எந்தப் பக்கத்து ரத்தம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொசு என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியவில்லை. வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. காலையில் ஊசியும் ரத்தம் எடுக்கும் குழாய்களும் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வார்டுக்குள் நுழைந்தால், "கொசு அக்கா வந்தாச்சு, போர்வையை இழுத்து மூடுங்க" என்று கட்டிலுக்குக் கட்டில் செய்தி பறக்கும். அவளும் சளைத்தவள் இல்லை. "கொசு கேக்காமக் குடிக்கும். நான் கேட்டுட்டுத்தான் எடுப்பேன். கையை நீட்டுங்க" என்பாள். வலிக்குமோ என்று நோயாளி முகத்தைச் சுளிப்பதற்குள் வேலை முடிந்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள்.

குறும்பு அவளுக்குக் கூடவே பிறந்தது. சின்ன வயதில் ஒருநாள் அப்பா வழி உறவும் அம்மா வழி உறவும் ஒரே சமயத்தில் வீட்டுக்கு வந்திருந்தன. வாசலில் கிடந்த செருப்புகளில் அத்தையின் இடது காலையும் மாமாவின் வலது காலையும் ஜோடி சேர்த்து, மீதியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அத்தை தன் செருப்பு ஒன்றும் மாமாவின் செருப்பு ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய், அங்கே நின்று கத்தியது இன்னும் அந்தத் தெருவில் சொல்லிச் சிரிக்கப்படுகிறது.

அத்தை, காலமான அப்பாவின் தங்கை. மாமா அம்மாவின் தம்பி. இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. கொசுவின் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபிறகு அந்தப் பகைக்கு ஒரு நல்ல தொழிலே கிடைத்துவிட்டது.

அண்ணன் படிப்பில் கெட்டிக்காரன். கல்லூரியில் படிக்கும்போது, பக்கத்துச் சுவருக்கு அப்பாலிருந்து தன்னைப் பற்றி யாரோ பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். சுவருக்கு அப்பால் இருந்தது காலி மனை. முதலில் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவன் சாப்பிடுவதை நிறுத்தினான், தூங்குவதை நிறுத்தினான், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். மனச்சிதைவு நோய் என்று டாக்டர் சொன்னார். மருந்து, இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசம், மறுபடி மருந்து என்று சில வருஷங்கள் அல்லாடி, ஒரு வழியாகக் கரையேறினான். இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிறான். காலையிலும் இரவிலும் மாத்திரை போட்டுக்கொள்கிறான். எப்போதாவது அந்தக் குரல்கள் எட்டிப் பார்த்தால், "காலி மனைக்காரங்க இன்னிக்கு வந்துட்டாங்க, நான் கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவனே அப்படிச் சொல்லிச் சிரிக்கக் கற்றுக்கொள்ள எத்தனை காலம் ஆயிற்று என்பது கொசுவுக்கு மட்டும்தான் தெரியும்.

உறவுக்காரர்களுக்கு அவன் எப்படி இருக்கிறான் என்பதைவிட, நோய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். அத்தைக்குக் கட்டிக்கொடுக்கவேண்டிய பேத்திகள் இருந்தார்கள். மாமாவுக்குப் பெண் பார்க்கவேண்டிய பையன்கள் இருந்தார்கள். ஆகவே எங்கள் பக்கம் சுத்தம், எல்லாம் அந்தப் பக்கத்துக் கோளாறு என்று ஊர் முழுக்கச் சொல்லிவைப்பது இருவருக்கும் கட்டாயக் கடமை ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. வெளியிலிருந்து வந்த ஒரு பெண் டாக்டர் அதை நடத்தினார். ஒல்லியான உருவம், மெல்லிய குரல், கோபம் வந்தால் இன்னும் மெல்லியதாகும் குரல். மனச்சிதைவு உள்ளவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் ரத்தம் வாங்கி மரபணுவைப் பார்ப்பது வேலை. ரத்தம் எடுக்கக் கொசுவை அனுப்பினார்கள். அவள் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் நேரே டாக்டர் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"என் ரத்தத்துல என்ன தேடப்போறீங்க?"

"இந்த நோய்க்குன்னு தனியா ஒரு மரபணு கிடையாது," என்றார் டாக்டர். "சின்னச் சின்ன மாற்றங்கள் நிறைய இருக்கு. ஒவ்வொண்ணும் துளித் துளியா அபாயத்தைக் கூட்டும். எல்லார்கிட்டயும் கொஞ்சம் இருக்கும். என்கிட்டயும் இருக்கும். சிலருக்கு அதெல்லாம் கூடுதலாச் சேர்ந்துடுது. அதுக்கு மேல வளர்ந்த சூழ்நிலை, பட்ட கஷ்டம்னு வேற விஷயங்களும் சேரணும்."

"இதையெல்லாம் ஏற்கெனவே கண்டுபிடிச்சிருப்பாங்களே. அதுக்கு என் ரத்தம் எதுக்கு?"

"கண்டுபிடிச்சாங்க. ஆனா பெரும்பாலும் ஒரே வம்சாவளி ஜனங்களைப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. நோய் உலகம் பூரா இருக்கு. மரபணுவுல பொதுவான பங்கும் நிறைய இருக்கு. ஆனா எந்த மாற்றம் எங்க எவ்வளவு பேர்கிட்ட இருக்குங்கறது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். அவங்களை வெச்சுப் போட்ட கணக்கை நம்ம ஆளுங்க மேல போட்டா சரியா வேலை செய்யமாட்டேங்குது."

அண்ணன் யோசித்தான். "ஒருத்தருக்குத் தேய்ச்ச கண்ணாடியை இன்னொருத்தர் மூக்குல மாட்டின மாதிரி. தெரியும், ஆனா மங்கலாத் தெரியும்."

"அதேதான்," என்றார் டாக்டர், முதல்முறையாகச் சிரித்து. "நம்ம பக்கத்து ஜனங்க நிறையப் பேர் குடுத்தாத்தான் தெளிவாகும். வீட்டாளுங்க யாராவது விருப்பப்பட்டு வந்தா இன்னும் நல்லது. ஆனா தனித்தனி ஆளுக்கு ரிசல்ட் தரமாட்டோம். இன்னார் வழியா வந்ததுன்னு யாருக்கும் சொல்லவும் முடியாது."

அண்ணன் அந்த இடத்திலேயே சட்டைக் கையை மடித்தான்.

இதற்குச் சில வாரம் கழித்து அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்திருந்த அம்மாவைப் பார்க்க, வேண்டும் என்றே திட்டமிட்டதுபோல், அத்தையும் மாமாவும் ஒரே மாலையில் வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் இரண்டு நாற்காலிகள்தான். நடுவில் அம்மாவின் கட்டில். இருவரும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிறது. எதுவானாலும் அம்மாவின் கட்டுப் போட்ட முழங்காலைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

"உங்க பையன் இப்ப தேவலையா அண்ணி? எங்க பரம்பரையில இப்படி ஒருத்தரைக் கண்டதில்ல, அதான் மனசு கேக்கல," என்று அத்தை முழங்காலிடம் சொன்னாள்.

"அக்கா, நம்ம வம்சத்துல எல்லாரும் தெளிவான புத்திக்காரங்கன்னு சொல்லிவை," என்று மாமாவும் அதே முழங்காலிடம் சொன்னார். "கடைசி மூச்சு வரைக்கும் கணக்குத் தப்பாதவங்க."

"கணக்குத் தப்பாதவங்கதான். குடுக்கவேண்டிய கணக்கை மட்டும் மறந்துடுவாங்க."

பேச்சு சூடாகி, முழங்காலையும் தாண்டிப் போகத் தொடங்கியது. அண்ணன் எல்லாருக்கும் டீ கொண்டுவந்து வைத்தான்.

"சொத்துன்னா எனக்கு எனக்குன்னு அடிச்சுக்குவீங்க," என்றான் நிதானமாக. "என் நோயைத்தான் உனக்கு உனக்குன்னு தள்ளிவிட்டுக்கறீங்க. நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன். சர்க்கரை போதுமா, மாமா?"

இருவரும் தத்தம் டீயைப் பார்த்தார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா திரும்பியதைக் கொசு மட்டும் பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்குள் அந்தப் பழைய செருப்புக்காரி விழித்துக்கொண்டாள்.

அத்தையை வாசல் வரை வழியனுப்பப் போனவள் காதோடு சொன்னாள்: "அத்தை, எங்க ஆஸ்பத்திரியில புதுசா ஒரு டெஸ்ட் வந்திருக்கு. ரத்தம் குடுத்தா எந்தப் பக்கம்னு புட்டுப் புட்டு வெச்சுடும். மாமாகிட்ட மட்டும் மூச்சுவிடாதீங்க. தெரிஞ்சா அவங்க முந்திக்குவாங்க."

பிறகு திரும்பி வந்து, மாமாவுக்கு இன்னொரு டம்ளர் டீ கொடுத்து, அதே வார்த்தைகளை அத்தை இருந்த இடத்தில் மாமாவையும் மாமா இருந்த இடத்தில் அத்தையையும் மாற்றிப்போட்டுச் சொன்னாள்.

அவள் எதிர்பார்த்தது ஆளுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். அத்தை மகன்கள், மருமகன்கள் சகிதம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினாள். அதே காலையில் மாமா, வயதான தன் சித்தப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, இன்னொரு வேனில் வந்தார். ஆராய்ச்சி அறைக்கு வெளியே இருந்த நடைபாதையில் இரண்டு படைகளும் எதிரெதிர் பெஞ்சுகளில் உட்கார்ந்து ஒன்றையொன்று முறைத்தன. டாக்டர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். கொசுவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. எல்லாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டிய சம்மதப் படிவத்தின் பக்கங்களை, "வழக்கமானதுதான், கையெழுத்துப் போடுங்க" என்று ஒரே வரியில் முடித்தாள். மற்றவர்களுக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டுபவள், சொந்தக்காரர்களுக்கு மட்டும் அதைத் தாண்டிப்போனாள்.

அத்தை கையை நீட்டியபடி குழாய்களையே பார்த்தாள். "எங்க ரத்தம் அவங்க ரத்தத்தோட கலந்துடாதே?"

"கலக்காது அத்தை, தனித்தனி."

"ஒரே பெட்டியில வைக்காதே. பக்கத்துல இருந்தாலே ஒட்டிக்கும்."

மாமா வேறு வழியில் போனார். தன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நிறத்தைப் பார்த்தியா? இதுல என்ன நோய் இருக்கமுடியும்?" என்று எதிர்ப் பெஞ்சுக்குக் கேட்கும்படி சொன்னார். எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒரு மருமகன், "ரத்தசோகை இருக்கலாம்" என்றான். சக்கர நாற்காலிச் சித்தப்பா, யார் பக்கம் என்று மறந்துபோய், உரக்கச் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டர் வந்துவிட்டார். அத்தை எழுந்து நின்று, "அம்மா, ரிசல்ட் எப்ப வரும்? அவங்க பக்கம்தான்னு நீங்க எழுதிக் குடுப்பீங்க இல்ல? சீல் வெச்சு வேணும்" என்றாள்.

"எங்களுக்கும் சீல் வேணும்," என்றார் மாமா.

டாக்டர் கொசுவைப் பார்த்தார். கொசு பஞ்சு டப்பாவைப் பார்த்தாள்.

அறைக்குள் கதவைச் சாத்தியபின் டாக்டரின் குரல் மிக மிக மெல்லியதாக இருந்தது. "தெரியாததைத் தெரியும்னு சொல்லி ரத்தம் எடுத்திருக்கீங்க. அது சம்மதம் இல்ல, ஏமாத்து."

"விளையாட்டுக்குத்தான் டாக்டர்... வருஷக்கணக்கா என் அண்ணனை வெச்சு அவங்க ஆடற ஆட்டத்துக்கு ஒரு நாள்—"

"உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா இந்த ரத்தம் எனக்கு வேண்டாம். ஒரு சொட்டுகூட. நாளைக்கு வெளியில தெரிஞ்சா, நம்பிக் குடுத்த மத்தவங்களும் நம்மை நம்பமாட்டாங்க. உங்க அண்ணன் குடுத்ததும் சேர்ந்து வீணாப் போகும்."

கடைசி வாக்கியம்தான் கொசுவைக் குத்தியது. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவளுக்கு அன்றைக்கு ஓர் ஊசி. மேலதிகாரியிடமும் விஷயம் போயிற்று. கண்டிப்பும் எச்சரிக்கையும் கிடைத்தன. குழாய்கள் எல்லாம் டாக்டர் எதிரிலேயே கழிவுக்குப் போயின. அதோடு விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே போய், சொன்னது பொய் என்று சொல்லவேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டு, ரத்தம் கேட்காமல் திரும்பவேண்டும். அவர்களாக வந்தால் டாக்டரே பேசிக்கொள்வார்.

அண்ணன் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, "எனக்காகத்தான் செஞ்சே, தெரியும். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?" என்றான். "சரி வா, கூட வரேன். அத்தை அடிச்சா நடுவுல நிக்கறேன்."

அவனைத் தெருவிலேயே நிற்கவைத்துவிட்டு அவள் மட்டும் அத்தை வீட்டுக்குள் போனாள். அத்தை கதையை முழுக்கக் கேட்டாள். முதலில் அவளுக்கு உறைத்தது வேறு விஷயம்.

"கீழ கொட்டிட்டாங்களா? எங்க பரம்பரை ரத்தத்தையா?"

"மாமா வீட்டுதையும்தான் அத்தை."

"அது போகட்டும்." அத்தை முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டாள். "அப்ப அந்த டெஸ்ட்டுல யார் பக்கம்னு தெரியாதா?"

"தெரியாது. எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்குமாம். அப்பா வழியும் சேரும், அம்மா வழியும் சேரும். நம்ம ஆளுங்களைப் பத்தி இன்னும் சரியாவே தெரியாதாம். அதைத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறாங்க."

அத்தை எழுந்துபோய் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்று கொசு தோளைக் குறுக்கிக்கொண்டாள். அத்தை குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். கப்பல்ல வேலைன்னு சொல்வோம். கப்பலும் இல்ல, வேலையும் இல்ல. மாடியில ஒரு ரூம்ல இருந்தார். நான்தான் சோறு கொண்டுபோவேன். சில நாள் என்னை அடையாளம் தெரியும், பாட்டுப் பாடுவார். சில நாள் கதவையே திறக்கமாட்டார். செத்தப்பகூட வெளியில சொல்லல." சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அவரைப் பத்திச் சொன்னா அந்த டாக்டருக்கு உபயோகப்படுமா?"

"ரொம்ப உபயோகப்படும் அத்தை."

"அப்ப வரேன். ஆனா உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா, உன் கழுத்தை நானே நெரிப்பேன்."

மாமா வீட்டில் சத்தம் அதிகமாக இருந்தது. பொய் சொன்னதற்கு, அலையவிட்டதற்கு, சக்கர நாற்காலியை வேனில் ஏற்றியதற்கு என்று வரிசையாகத் திட்டினார். திட்டித் தீர்ந்தபிறகு கொசு செருப்பை மாட்டிக்கொண்டாள். கேட் வரை வந்த மாமா, கேட்டைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க அம்மாவோட பெரியம்மா ஒருத்தர் வெளிநாட்டுல செட்டில் ஆனாங்கன்னு கேள்விப்பட்டிருப்பியே."

"ஆமா."

"பாஸ்போர்ட்டே கிடையாது அவங்களுக்கு," என்றார் மாமா, கேட்டின் துருவைச் சுரண்டியபடி. "உங்க அத்தைக்கு மட்டும் இது போயிடக்கூடாது. புரியுதா?"

தெருவில் காத்திருந்த அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கன்னம் இரண்டும் வீங்கினாற்போல் இருந்தன. வாயைத் திறந்தால் கொட்டிவிடும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெரிய ரகசியங்கள், அதுவும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிற ரகசியங்கள். யாரிடமும் சொல்லமுடியாது. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கடுமையான தண்டனை வந்ததில்லை.

"நீ ஒண்ணும் சொல்லவேணாம்," என்றான் அண்ணன். "எனக்கும் கேக்கவேணாம். ஆனா ரெண்டு வீட்டுலயும் ஒரே மூஞ்சியோட வெளிய வரே."

அத்தையும் மாமாவும் வேறு வேறு நாளில் தனியாக வந்து, டாக்டரிடம் நேரம் எடுத்துக் கேட்டு, மனமறிந்து கையெழுத்துப் போட்டு ரத்தம் கொடுத்தார்கள். வேன் நிறைய வந்தவர்களில் பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் சீல் கிடைக்காது என்று தெரிந்ததும் ஆர்வம் இழந்துவிட்டார்கள். ரத்தசோகை என்று கேலி செய்த அத்தையின் மருமகன், ரத்தம் பார்த்தாலே மயக்கம் வரும் என்று இப்போதுதான் ஒப்புக்கொண்டான்.

அம்மா கடைசியில் வந்தாள், ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு. ரத்தம் கொடுத்து முடித்தபிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? அவன் வயித்துல இருந்தப்ப அவங்கப்பாவோட பெரிய சண்டை. ஒரு மாசம் அழுதுட்டே இருந்தேன். அதனாலதான்..."

"இல்லம்மா," என்றார் டாக்டர். "நீங்க அழுதது காரணம்னு யாரும் சொல்லமுடியாது. ஆயிரம் சின்ன விஷயம் சேர்ந்து வர்றது இது. இதுல ஒரு ஆளைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்த இடமே இல்ல."

"அப்ப நான் இத்தனை வருஷமா..."

பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த கொசு, பிடியைத் தளர்த்தாமல் அப்படியே நின்றாள். ரத்தம் நின்று வெகுநேரமாகியும் அம்மாவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அத்தையும் மாமாவும் அதற்குப் பிறகும் சண்டையை விடவில்லை. ஆனால் நோய்ப் பேச்சு எழுந்தால், இருவரும் ஒரே நொடியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஏன் மழை என்று அங்கே தெரிந்தவள் ஒருத்திதான். அவள் ஏதோ அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிச் சமையலறைக்கு ஓடி, வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்துவிட்டு வருவாள்.

சில வருஷம் கழித்து ஆராய்ச்சி அச்சில் வந்தது. பல ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தம் அதில் இருந்தது. பழைய கணக்கில் எது இங்கே பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். முடிவாகச் சொல்ல இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். கொசு ஒரு பிரதி எடுத்து அத்தைக்குக் கொண்டுபோனாள். அத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, படங்களையும் கட்டங்களையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"நம்ம பேரு எங்கடி இருக்கு?"

"பேரெல்லாம் போடமாட்டாங்க அத்தை. யார் குடுத்தாங்கன்னு வெளியில தெரியக்கூடாதுல்ல."

அத்தையின் முகம் விழுந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் எதை மறைத்தாளோ, அதில் பேர் வரவில்லை என்று இப்போது அவளுக்கு வருத்தம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை கூர்ந்து பார்த்தாள்.

"உங்க மாமா பேரு?"

"அவர் பேரும் இல்ல."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன் அத்தை."

"அப்ப சரி," என்று அத்தை திருப்தியோடு தாள்களை மடித்து வைத்தாள்.